சவலைக் கணக்கு

எங்கள் வீட்டு மாடிப் போர்ஷனில் குடியிருப்பவருக்குக் கோவை கணபதியில் அத்திபாளையம் பிரிவுப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் வேலை. பம்புசெட்டுக்கு ஷாஃப்ட் கடைகிற கை. இரண்டாவது குழந்தை பிறந்ததும் தூளி கட்ட ஸ்பிரிங்கைக் கடையில் வாங்கினார். அதை மாட்டுகிற கொக்கியை மட்டும் கடையில் நம்பவில்லை. பட்டறையிலேயே வளைத்துக்கொண்டு வந்து மாட்டினார். "நூறு கிலோ தொங்கினாலும் அசையாதுங்க" என்றார்.

பாப்பாவுக்கு நாற்பது நாள் ஆனபோது அந்தக் கொக்கிக்கு ஒரு சோதனை வந்தது. சாயங்காலம். அம்மா பால் கொடுக்கப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். மூன்று வயது முடிந்து இரண்டு மாதமான மூத்தவன் முக்காலியை இழுத்துப் போட்டான். ஏறினான். காலியான தூளிக்குள் இறங்கிப் படுத்து, சேலையின் இரண்டு ஓரத்தையும் முகத்துக்கு மேலே இழுத்து மூடிக்கொண்டான். உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது: "அம்மா, பாப்பா அழுவுது, வந்து ஆட்டு!"

மகளைப் பார்த்துக்கொள்ளக் கோபியிலிருந்து வந்திருந்த அம்மிச்சி சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "பையனுக்குச் சவலை பாஞ்சிருச்சுங்க தம்பி. வேறொண்ணுமில்லீங்க."

நான் வெகுநாளாகக் கேட்காத சொல். கீழே இறங்கி வந்த பிறகும் அது என்னை விடவில்லை.

ஒரு சொல், இரண்டு கண்டங்கள்

தாய்ப்பால் போதாமல் மெலிந்து சிணுங்கும் குழந்தை சவலைக் குழந்தை. அடுத்த பிள்ளை வயிற்றில் வந்ததாலோ பிறந்துவிட்டதாலோ தாயின் பாலும் மடியும் பறிபோன மூத்ததைத்தான் பெரும்பாலும் அப்படிச் சொல்வார்கள். நம் யாப்பிலக்கணக்காரர்கள்கூட இந்தச் சொல்லை விடவில்லை. நான்கடி வெண்பாவில் இரண்டாம் அடியும் நாலாம் அடியும் மூன்று சீரோடு நின்றுவிட்டால் அதற்குச் சவலை வெண்பா என்று பெயர். இரண்டாம் அடிக்கு வந்து சேரவேண்டிய தனிச்சொல் வந்து சேராத வெண்பா அது. மூத்த பிள்ளையின் கதையும் அதுதானே?

இதே பொருளில் ஒரு சொல்லை இன்னொரு கண்டத்தில் ஒரு டாக்டர் கேட்டார். சிசிலி வில்லியம்ஸ் ஜமைக்காவில் பிறந்தவர். அன்று கோல்டு கோஸ்ட் எனப்பட்ட இன்றைய கானாவில் குழந்தை மருத்துவம் பார்த்தார். ஒன்றிலிருந்து நான்கு வயதுக்குள் இருந்த குழந்தைகள் கால் வீங்கி, தோல் உரிந்து, முடி வெளுத்து வந்தார்கள். 1933-ல் இதை அவர் பதிவு செய்தார். உள்ளூர்ப் பெண்களிடம் இதற்கு என்ன பெயர் என்று கேட்டார். கா மொழியில் அவர்கள் சொன்ன பெயர் குவாஷியோர்கர். அடுத்த குழந்தை வரும்போது முந்தைய குழந்தைக்கு வருகிற நோய் என்று அதற்கு விளக்கம் சொன்னார்கள். 1935-ல் 'லான்செட்' இதழில் அந்தப் பெயரையே தலைப்பில் வைத்து எழுதினார் வில்லியம்ஸ். இன்று உலகம் முழுவதும் மருத்துவப் புத்தகங்களில் இருப்பது அந்தப் பெயர்தான். நோய்க்கு அவர் கண்ட காரணம் எளிமையானது. புதுக்குழந்தை வந்ததும் மூத்ததைப் பாலிலிருந்து விலக்கி மக்காச்சோளக் கூழுக்கு மாற்றினார்கள். கூழ் பாலுக்கு ஈடாகவில்லை.

இந்தக் கதையின் அடுத்த அத்தியாயத்துக்கு நாம் வெகுதூரம் போகவேண்டாம். மேட்டுப்பாளையம் வழியாக மலையேறினால் குன்னூர். 1918-ல் ராபர்ட் மெக்காரிசன் அங்கே ஒரு சிறிய ஆய்வுப் பிரிவைத் தொடங்கினார். அது வளர்ந்து, 1958-ல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆயிற்று. சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன் அந்த நிறுவனத்தின் ஆய்வாளராக இருந்து இயக்குநரானவர். அன்றைக்கு உலகமே இந்த நோயைப் புரதக் குறைவு என்று சொல்லி, புரதப் பொடிகளைத் தேடிக்கொண்டிருந்தது. கோபாலனும் அவருடைய சகாக்களும் நம் குழந்தைகள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று அளந்து பார்த்தார்கள். அவர்கள் முடிவு இது: நம் சோறு பருப்பு உணவில் முதலில் குறைவது மொத்த அளவுதான். தனியாகப் புரதம் தேடி ஓடவேண்டாம். வீட்டில் சமைத்த அதே சாப்பாட்டை இன்னும் கொஞ்சம் கொடுத்தாலே பெரும்பகுதி சரியாகிவிடும்.

இந்த முடிவைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பவும் இதற்கு வரவேண்டியிருக்கும்.

பால் போய் மடி

இன்றைக்குக் கணபதியில் மூன்று வயதுப் பிள்ளை தாய்ப்பாலை நம்பி உயிர் வாழ்வதில்லை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள். நூற்றில் தொண்ணூற்றொன்பது பிரசவங்களுக்கு மேல் ஆஸ்பத்திரியில் நடக்கின்றன. ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் இடையே குறைந்தது 24 மாதம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த இடைவெளியும் பல வீடுகளில் இருக்கிறது. பால் சவலை பெரும்பாலும் போய்விட்டது. மிச்சமிருப்பது மடிச் சவலை.

மாடி வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். பச்சைக் குழந்தை ஒரு நாளில் எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை பால் குடிக்கும். பத்துத் தடவை என்றும், ஒரு தடவைக்கு அரைமணி என்றும் வைத்தாலே ஐந்து மணி நேரம். ஏப்பம் எடுக்க வைப்பது, துணி மாற்றுவது, குளிப்பாட்டி உடம்பு தேய்ப்பது, அழுதால் ஆட்டுவது எல்லாம் இதற்கு மேலே. இரவு பகல் வித்தியாசமும் அதற்குக் கிடையாது. தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் என்ற இயக்குநீர் ராத்திரியில் கூடி, பகலில் குறையும் தாளம் குழந்தையின் உடம்பில் இரண்டு மூன்று மாதத்துக்குப் பிறகுதான் கூடிவரும். அதுவரை அதன் கடிகாரம் வயிறுதான்.

அந்தக் கடிகாரத்துக்கு வீட்டில் எல்லோரும் விலை கொடுக்கிறார்கள், ஆனால் சமமாக இல்லை. ஜெர்மனியில் 4,659 பெற்றோரைப் பின்தொடர்ந்து 2019-ல் வெளியான ஓர் ஆய்வில், பிரசவத்துக்குப் பிந்தைய முதல் மூன்று மாதம் தாய்மார் தினமும் ஒரு மணி நேரம் தூக்கத்தை இழந்திருந்தார்கள். தகப்பன்மார் கால் மணி நேரம். ஆறு வருடம் ஆகியும் பழைய தூக்கம் முழுசாகத் திரும்பவில்லை. தூக்கம் கெட்ட மனுஷிக்குப் பொறுமை குறையும். அந்தக் குறைச்சல் முதலில் விழுவது மூத்ததின் தலையில்.

இன்னொரு இழப்பு யார் கண்ணிலும் படுவதில்லை. அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தையல் ஆறும்வரை கனமானதைத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்வார். அந்தக் கனமானது எது? பதிமூன்று கிலோ மூத்தவன்தான். நேற்றுவரை இடுப்பில் ஏறி உட்கார்ந்தவனிடம், "அம்மாகிட்ட ஏறாதே, வயித்துல உவ்வா" என்கிறார்கள். தீட்டு பார்க்கிற வீடாக இருந்தால் அறைக்குள்ளேயே போகக்கூடாது. பார்க்க வருகிறவர்கள் கொலுசும் சில்வர் கிண்ணமும் பாப்பாவுக்குக் கொண்டு வருகிறார்கள். போகும்போது வாசலில் நிற்பவனின் கன்னத்தைக் கிள்ளி, "உன்னைத் தவிட்டுக்குத்தான்டா வாங்கினோம், பாப்பாதான் சொந்தப் பாப்பா" என்று ஒரு கேலி. பெரியவர்களுக்கு அது கேலி. அவனுக்கு அது செய்தி.

அரைப் பங்கும் முழுப் பங்கும்

மூத்தது ஏன் இப்படி மல்லுக்கு நிற்கிறது? 1974-ல் ராபர்ட் ட்ரைவர்ஸ் என்ற அமெரிக்க உயிரியலாளர் இதற்கு ஒரு மரபணுக் கணக்குப் போட்டார். தாயின் மரபணுக்களில் பாதி மூத்ததிடமும் இருக்கிறது, பாதி இளையதிடமும் இருக்கிறது. அதனால் தாய்க்கு இரண்டும் ஒன்றுதான். மூத்ததின் பக்கம் நின்று பார்த்தால் கணக்கு வேறு. தன் மரபணு தன்னிடம் முழுசாக இருக்கிறது. தம்பியிடமோ தங்கையிடமோ சராசரியாகப் பாதிதான். ஆகவே தாய் சரிபாதியாகப் பங்கு வைத்தாலும் பிள்ளை தன் பங்குக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கேட்கும். இது பிள்ளை உட்கார்ந்து போடுகிற கணக்கு இல்லை. பரிணாமம் போட்டு வைத்த கணக்கு. பால் மறக்கும் காலத்தில் நாய்க்குட்டி தாயை விடாமல் துரத்துவதும், குரங்குக் குட்டி கத்தி ஊரைக் கூட்டுவதும் இதனால்தான் என்றார் ட்ரைவர்ஸ்.

நம் நெருங்கிய உறவான போனோபோ குரங்குகளிடம் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். காங்கோ ஜனநாயகக் குடியரசின் லுயிகோட்டாலே காட்டில் ஜெர்மனியைச் சேர்ந்த வெரீனா பெரிங்கரும் சகாக்களும் குட்டிகளின் சிறுநீரைச் சேகரித்து, அதில் கார்டிசால் என்ற நெருக்கடி இயக்குநீரைப் பார்த்தார்கள். தம்பியோ தங்கையோ பிறந்ததும் மூத்த குட்டியின் கார்டிசால் ஐந்து மடங்கு ஏறியது. ஏழு மாதம் இறங்கவில்லை. 2022-ல் இது வெளியானது. இதில் ஆச்சரியம் என்னவென்றால், இரண்டு வயதுக் குட்டிக்கும் ஏறியது, பாலை எப்போதோ மறந்து தானே பழம் பறித்துத் தின்கிற எட்டு வயதுக்கும் அதே அளவு ஏறியது. பால் போன துக்கம் மட்டும் என்றால் பெரிய குட்டிக்கு ஏறியிருக்க வேண்டியதில்லை. இளையது வந்துவிட்டது என்பதே அதன் உடம்புக்கு ஒரு நெருக்கடி.

ஆக, தூளிக்குள் ஏறிப் படுத்தவன் பிடிவாதக்காரனோ பொறாமை பிடித்தவனோ இல்லை. அவனுக்குள் ஓடுவது ஒரு பழைய பயம்.

பெரும்பாலான பிள்ளைகள் சமாளிக்கிறார்கள்

இளையது பிறந்தால் மூத்தது சிம்மாசனம் இழந்த ராஜாவாகிறது என்று எழுதியவர் வியன்னாவின் ஆல்ஃபிரட் அட்லர். அந்தப் படிமம் நூறு வருடமாகப் பெற்றோரைப் பயமுறுத்திவருகிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பிரெண்டா வால்லிங் இதைச் சோதித்துப் பார்த்தார். இரண்டாவது குழந்தைக்குக் காத்திருந்த 241 குடும்பங்களைக் கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலிருந்து குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை பின்தொடர்ந்தார். அடிப்பது, அழுவது, தூக்கம் கெடுவது, ஒதுங்கிப் போவது என்று மூத்த பிள்ளைகளிடம் ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்தார். பெரும்பாலான பிள்ளைகள் கொஞ்சம் ஆடிவிட்டு நிலைக்கு வந்துவிட்டார்கள். பலரிடம் பெரிய மாற்றமே இல்லை. நீடித்த சிக்கலில் மாட்டியவர்கள் ஒரு சிறு கூட்டம்தான்.

நின்றுபோன படுக்கை நனைத்தல் மறுபடி வரலாம். மழலை திரும்பலாம், பால் புட்டி கேட்கலாம், பாப்பாவின் கன்னத்தைத் தடவுகிற கை கொஞ்சம் அழுத்தித் தடவலாம். பின்வாங்கிப் பாதுகாப்பான இடத்தைத் தேடுகிற செயல் இது. வைவதால் நிற்காது, தேடியது கிடைத்தால் தானே நிற்கும். ஆனால் மூன்று வயதுக் கையை நம்பிப் பச்சைக் குழந்தையை ஒரு நிமிஷம்கூடத் தனியே விடக் கூடாது. அவனுக்கு வன்மம் இல்லை. எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்ற அளவும் இல்லை.

ஆஸ்பத்திரி நாட்கள்

அம்மா ஆஸ்பத்திரிக்குப் போகிற நாட்கள் மூத்ததுக்கு உண்மையான பரீட்சை. இதை யாரும் மறக்க முடியாதபடி காட்டியவர்கள் லண்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சனும் ஜாய்ஸ் ராபர்ட்சனும். அவர்கள் 1969-ல் எடுத்த படத்தின் நாயகன் ஜான், வயது பதினேழு மாதம். இரண்டாவது பிரசவத்துக்கு அம்மா ஆஸ்பத்திரிக்குப் போக, அவனை ஒன்பது நாள் ஒரு குழந்தைகள் விடுதியில் விட்டார்கள். தாதிகள் நல்லவர்கள்தான். ஆனால் ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருந்தது. யாராவது ஒருத்தரைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தான். அவர் போய்விடுவார், வேறொருத்தர் வருவார். அழுதான், சாப்பாட்டை ஒதுக்கினான், பெரிய கரடிப் பொம்மையைக் கட்டிக்கொண்டு கிடந்தான். கடைசியில் அம்மா வந்தபோது அவரிடம் போக மறுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அதே தம்பதி வேறு நான்கு குழந்தைகளைத் தங்கள் வீட்டிலேயே வைத்துப் பார்த்துப் படமெடுத்தார்கள். முன்கூட்டியே பழகிக்கொண்டார்கள். அவரவர் சாப்பாடு, தூங்கும் பழக்கம், பிடித்த பொம்மை எல்லாம் கேட்டு வைத்துக்கொண்டார்கள். அம்மாவின் பேச்சை அடிக்கடி எடுத்தார்கள். அந்தக் குழந்தைகளும் ஏங்கினார்கள், ஆனால் உடைந்துபோகவில்லை. பிரிவு எல்லோருக்கும் ஒன்றுதான். மாறாத ஒரு முகம் கூட இருந்ததா என்பதில்தான் வித்தியாசம்.

நம் ஊரில் தலைப்பிரசவம் தாய்வீட்டில். இரண்டாவதுக்குப் பல இடங்களில் புருஷன் வீட்டிலேயே ஏற்பாடு. மாடி வீட்டில் பிரசவ நாட்களில் பையன் அப்பாவோடும் அம்மிச்சியோடும் அதே வீட்டில், அதே பாயில் தூங்கினான். அம்மிச்சி ஒரு மாதம் முன்னாடியே வந்து பழகியிருந்தார். ராபர்ட்சன் படங்களை அவர் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை.

"அவ ஏன் அழுவுறான்னு நீ சொல்லு"

பேச்சில் ஒரு மருந்து இருக்கிறது என்பது கேம்பிரிட்ஜில் தெரியவந்தது. ஜூடி டன்னும் கேரல் கென்ட்ரிக்கும் இரண்டாவது குழந்தை பிறந்த 40 வீடுகளுக்குத் திரும்பத் திரும்பப் போய், மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் குறித்தார்கள். 1982-ல் புத்தகமாக வந்தது. அம்மா குழந்தையோடு மும்முரமாக இருக்கும்போது மூத்ததின் குறும்பு கூடியது, அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது ஒன்று. சில தாய்மார் குழந்தை பிறந்த முதல் வாரங்களிலேயே இளையதை ஓர் ஆளாக வைத்து மூத்ததிடம் பேசினார்கள். பசிக்கிறதா, தூக்கமா, உன்னைத்தான் பார்க்கிறாளா, நாம் என்ன செய்யலாம் என்று கேட்டார்கள். அந்த வீடுகளில் பதினாலு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தபோது மூத்தது இளையதோடு கூடுதல் பிரியமாக இருந்தது.

இதில் நாம் வழக்கமாகச் செய்கிற ஒரு தப்பு தெரிகிறது. "பாப்பாவைத் தொடாதே", "பாப்பா தூங்குது, சத்தம் போடாதே", "நீ பெரியவன்" என்று நாள் முழுக்கச் சொல்கிறோம். இந்த மூன்றிலும் பாப்பா ஒரு தடை, அவ்வளவுதான். "பாப்பா கண்ணைச் சுருக்குறா பாரு, வெளிச்சம் கூசுது போல. என்ன பண்ணலாம் சாமி?" என்று கேட்டால் பாப்பாவுக்கு ஒரு மனசு வந்துவிடுகிறது. அதைப் படிக்கிற வேலை மூத்ததுக்குக் கிடைத்துவிடுகிறது.

கைகள் எங்கே போயின?

இங்கே ஒரு கேள்வி பாக்கி நிற்கிறது. சிம்பன்ஸி ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் ஐந்தாறு வருடம் இடைவெளி விடுகிறது. ஒராங்குட்டான் ஏழெட்டு வருடம். அதற்குள் முந்தைய குட்டி தானே இரை தேடப் பழகிவிடும். மனிதப் பிள்ளைதான் தானாகச் சாப்பிடவே பல வருடம் எடுத்துக்கொள்கிறது. ஆனால் வேட்டையாடி வாழும் சமூகங்களிலேயே மனிதத் தாய் மூன்று நான்கு வருடத்தில் அடுத்ததைப் பெற்றுவிடுகிறாள். கையில் ஒன்று, காலைக் கட்டிக்கொண்டு ஒன்று. வேறு எந்தப் பெரிய வாலில்லாக் குரங்கும் செய்யத் துணியாத காரியம். எந்தத் தைரியத்தில்?

சாரா ஹர்டி என்ற மானுடவியலாளர் 2009-ல் ஒரு புத்தகமே எழுதிச் சொன்ன பதில்: தனியாக வளர்க்கவில்லை என்ற தைரியத்தில்தான். வாலில்லாக் குரங்கினத் தாய் மாதக்கணக்கில் குட்டியை வேறு யாரிடமும் தரமாட்டாள். மனிதத் தாய் பிறந்த அன்றே பாட்டியிடமும் அத்தையிடமும் நீட்டுகிறாள். டான்சானியாவின் ஹட்ஸா மக்களைக் கவனித்த கிரிஸ்டன் ஹாக்ஸ், அங்கே பாட்டிகள் கிழங்கு தோண்டுவதைப் பார்த்தார். மகள் பச்சைக் குழந்தையோடு இருக்கும்போது மூத்த பேரப்பிள்ளையின் வயிற்றை நிரப்புவது அந்தக் கிழங்குதான். நம் இனத்தின் இரண்டாவது குழந்தை பாட்டியின் கையை நம்பியே பிறக்கிறது.

கொங்கு வீட்டில் இந்தக் கைகளுக்குத் தனித்தனிப் பெயரே உண்டு. அம்மிச்சி, அப்புச்சி, ஆத்தா, அப்பாரு. இளையதுக்குப் பால் கொடுக்கும் நேரத்தில் மூத்ததை இடுப்பில் வைத்துக்கொண்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போக ஒருத்தர் இருந்தார். கணபதியில் சத்தி ரோட்டுக்கு இரண்டு பக்கமும் இருக்கிற சந்துகளில் இன்று அந்தக் கை எண்ணிக்கை குறைந்துவிட்டது. பம்பு, மோட்டார், ஃபவுண்டரி வேலைக்கு எத்தனையோ ஊர்களிலிருந்து வந்து குடியேறியவர்கள் இங்கே அதிகம். ஒன்றரை அறைப் போர்ஷன்; பாட்டி வந்தாலும் மூன்று மாதம்தான். ஊரில் ஆடு மாடு காத்திருக்கிறது.

மிச்சமிருக்கிற கை அப்பாவுடையது. ஆண்களுக்கு இதெல்லாம் வராது என்பார்கள். பிலிப்பைன்ஸின் செபு நகரில் 624 ஆண்களை நாலரை வருடம் பின்தொடர்ந்தவர்கள் 2011-ல் வேறு விதமாகச் சொன்னார்கள். தகப்பனானவர்களின் உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் நன்றாகக் குறைந்திருந்தது. தினம் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ குழந்தையைக் கவனித்தவர்களிடம் இன்னும் குறைவு. குழந்தை வளர்ப்பதற்கு ஆணின் உடம்பும் வழிவிடுகிறது. வழிவிடாதது வேலை நேரம்தான். 2017-ல் திருத்திய மகப்பேறு பயன் சட்டம் தாய்க்கு முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வாரச் சம்பள விடுப்பு தந்தது. மத்திய அரசு ஊழியரான தகப்பனுக்கு 15 நாள் உண்டு. தனியார் பட்டறையில் ஷாஃப்ட் கடைகிறவருக்குச் சட்டப்படி ஒரு நாளும் இல்லை. மாடி வீட்டுக்காரர் மூன்று நாள் லீவு போட்டார். நாலாம் நாள் லேத் முன்னால் நின்றார்.

கை குறையும்போது முதலில் முறிவது தாய். இந்தியாவில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் வெளியான கட்டுரை, பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு 22 சதவீதத் தாய்மாரிடம் இருப்பதாகச் சொல்கிறது. ஐந்தில் ஒருத்தர். காரணமில்லாத அழுகை, குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வராமை, எதிலும் பிடிப்பில்லாமை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது உடம்பு அசதி இல்லை. வைத்தியம் உள்ள நோய். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். மூத்ததின் சாப்பாடும் தூக்கமும் மாதக்கணக்கில் கெட்டுக் கிடந்தாலும் குழந்தை டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது.

இன்னும் கொஞ்சம் சோறு

மூத்ததுக்கு இதில் ஒரு வரவும் இல்லையா? இருக்கிறது. அடுத்தவர் மனசில் என்ன ஓடுகிறது என்று ஊகிப்பதைச் சோதிக்க ஒரு விளையாட்டு உண்டு. பையன் மிட்டாயை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான். அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறார். திரும்பி வந்து அவன் எங்கே தேடுவான்? 1994-ல் ஜோசப் பெர்னரும் சகாக்களும் பார்த்தபோது, மூன்று நான்கு வயதில் கூடப்பிறந்தவர்கள் உள்ள பிள்ளைகளே சரியான பதிலைக் கூடுதலாகச் சொன்னார்கள். ஒரே வீட்டில் ஓயாமல் சண்டை போட்டே அடுத்தவன் மனசைப் படிக்கக் கற்றுக்கொள்கிறார்கள்.

ஆனால் அந்த வரவு பின்னால் வருவது. இன்றைய பசிக்கு இன்று சோறு வேண்டும். இங்கேதான் கோபாலனின் முடிவு எனக்கு ஞாபகம் வந்தது. மூத்ததைச் சமாதானப்படுத்த நாம் புரதப் பொடி தேடுகிறோம். பேட்டரி கார் வாங்குகிறோம். ஞாயிற்றுக்கிழமை மாலுக்குக் கூட்டிப் போகிறோம். கையில் மொபைலைத் திணிக்கிறோம். குறைந்திருப்பது விசேஷமான எதுவும் இல்லை. நேற்றுவரை தினமும் கிடைத்த சாதாரணச் சாப்பாட்டில் இரண்டு கவளம் குறைந்துவிட்டது. அதே மடி, அதே கதை, அதே ரசம்சாதப் பிசைவு இன்னும் கொஞ்சம் வேண்டும். அதைக் கொடுக்க இன்னொரு ஜோடிக் கை வேண்டும். பாப்பாவை யாராவது பத்து நிமிஷம் வாங்கிக்கொண்டால் போதும். அம்மாவின் மடி காலியாகும்.

மாடி வீட்டில் அன்று நடந்ததும் அதுதான். தூளிக்குள் இருந்தவனை யாரும் இறக்கவில்லை. வையவும் இல்லை. ஷிஃப்ட் முடிந்து வந்த அப்பா கையில் இருந்த ஆயில் கறையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினார். பாப்பாவை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். அம்மா வெளியே வந்து தூளியை ஆட்டினார், பாடவும் செய்தார். பத்து ஆட்டு ஆடியதும் சேலைக்குள்ளிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. "போதும், பசிக்குது" என்று இறங்கிவிட்டான்.

இது நடந்து இரண்டு மாதம் ஆகிறது. அம்மிச்சி கோபிக்குத் திரும்பிவிட்டார். போன வாரம் வாடகை ரசீது கொடுக்க மாடிக்குப் போனேன். பக்கத்துப் பட்டறையில் லேத் கிர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. தூளியில் பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறந்ததுமே மூத்தவன் உதட்டில் விரலை வைத்து என்னை வாசலுக்குத் தள்ளினான்.

"மெதுவாப் பேசுங்க மாமா. அவளுக்கு லேத் சத்தம் புடிக்கும். உங்க சத்தம் புடிக்காது."